பெல்லக்காவுக்கு ஒன்றும் தெரியாது

வாசிப்பு வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் வயிறு வலிக்கிற பிள்ளைக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட நோயறை நர்ஸான எனக்கு இரண்டு வருடம் ஆனது. பெல்லக்காவுக்கு இரண்டு நாள்தான்.

"நர்ஸம்மா, அந்த ஆறாம் வகுப்புப் பொண்ணுக்கு மருந்து குடுக்காதீங்க. திங்கள் மூணாவது பீரியட், புதன் ரெண்டாவது பீரியட். ரெண்டும் உரக்க வாசிக்கிற வகுப்பு. மத்த நேரத்துல அவ வயிறு கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் போகுமா? பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியின் மணியை அடித்தவள். மின்சார மணி ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். அது நினைத்த நேரத்தில் அடித்து, நினைத்தபடி ஓய்ந்துவிடும். அதனால் கைமணிதான். இரண்டு கிலோ எடை. அவளுடைய வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும், நான் அளந்திருக்கிறேன். கால அட்டவணை அவளுக்கு மனப்பாடம். எந்த வாத்தியார் எந்த வகுப்புக்கு எத்தனை நிமிடம் தாமதமாகப் போவார் என்பதும் மனப்பாடம். அதனால் வாத்தியார்கள் அவளிடம் மரியாதையாக இருந்தார்கள்.

அவள் படித்தது ஏழாம் வகுப்பு வரை. அதற்குமேல் படிக்க வீட்டில் ஆள் இல்லை, வேலை இருந்தது. புருஷன் பேருந்து நிலையத்து வாசலில் பூட்டு ரிப்பேர் செய்பவர். எவ்வளவு முரண்டு பிடிக்கிற பூட்டையும் திறந்துவிடுவார், வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார் என்பாள். வாய் திறந்தால் அவளை 'மணிக்கூண்டு' என்று கூப்பிடுவார்.

பெல்லக்காவின் முக்காலி எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கும் அறிவியல் ஆய்வகக் கதவுக்கும் நடுவில் கிடந்தது. மணிக்கு மணி அவளுக்கு வேலை இரண்டு நிமிடம். மிச்ச நேரம் என்ன செய்வாள்? காதை மூடிக்கொள்ள முடியாது. எட்டாம் வகுப்புப் பாடம் முழுவதையும் பத்தொன்பது முறை கேட்டிருந்தாள். கேள்வி ஞானம் என்கிறோமே, அதற்கு அவளைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. அதனால் அவளுக்கு என்ன தெரியும் என்பது அவளுக்கே தெரியாது.

வயிற்றுவலிக்காரியை எல்லாரும் 'வக்கீல்' என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பில் ஜன்னலை யார் திறந்தது என்று கேட்டால், திறந்தவனுக்காக வாதாடுவாள். மூடச் சொன்னவனுக்காகவும் வாதாடுவாள். பூமி, இடி, கண்ணாடி, கரப்பான்பூச்சி, எதைப் பற்றிக் கேட்டாலும் வாயால் சொல்லிவிடுவாள். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் மட்டும் முகம் வெளுத்து, வியர்த்து, முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். மூன்றாம் வரி ஏறி வந்து முதல் வரியில் உட்கார்ந்துகொள்கிறது என்று என்னிடம் சொன்னாள். நான் கண்ணைச் சோதித்தேன். கண் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அம்மா பஸ் கண்டக்டர். பள்ளிக்கு அழைத்தபோது டிக்கெட் பையோடு வந்தார்.

"கண்ணு பாத்தாச்சு, காது பாத்தாச்சு. இவ வாயைத் திறந்தா பஸ்ஸே நின்னு கேக்கும். எழுத்தைப் பாத்தா மட்டும் ஊமையாயிடறா. சோம்பேறியா டீச்சர்? சொல்லுங்க, ரெண்டு போடறேன்."

"போட வேண்டாங்க. போட்டுச் சரியாகிறதா இருந்தா இந்நேரம் சரியாகியிருக்கும்" என்றாள் செவ்வாய் டீச்சர். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி பெற்றவள். நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஆள் என்பதால் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் கிடைப்பாள். மூன்று மணி நேரம் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்றாள். புத்தியில் குறை இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு இவளுக்குச் சீக்கிரம் விழாது, அவ்வளவுதான். கூடுதல் நேரம் வேண்டும், வேறு வழி வேண்டும். கண்டக்டரம்மா கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகினார். பிறகு, "அப்ப நான் அடிச்சதெல்லாம் தண்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து ட்யூட்டிக்குப் போனார்.

அதன்பின் வேலை தொடங்கியது. ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் துளை வெட்டிய அட்டை. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்ட, வெளிர்மஞ்சள் காகிதத்தில் அச்சிட்ட பாடம். மணல் தட்டில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வது. செவ்வாய்க்கு ஒரு மணி நேரம். மற்ற நாளில் நோயறையில் பத்து நிமிடம் என் மேற்பார்வையில். நோயறையில் மணல் கொட்டுவதைத் தவிர இதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. வக்கீல் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அட்டையை வைத்து ஒரு பக்கத்தை இருபது நிமிடத்தில் வாசித்தாள். நல்ல முன்னேற்றம். ஆனால் தேர்வு இருபது நிமிடப் பக்கங்களுக்காகக் காத்திருக்காது.

அதற்கும் விதி இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒருவர் கேள்வியை வாசித்துக் காட்டி, பிள்ளை சொல்லும் பதிலை அப்படியே எழுதலாம். ஏழாம் வகுப்புத் தேர்வுக்குத் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவருக்கு நாலரை மணி பஸ். ஏலம் போடுகிறவர்போல வாசித்தார். முன்பின் தெரியாத ஆள், கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் வாயே திறக்கவில்லை. மூன்று பாடத்தில் தோல்வி. இந்த ஒரு முறை எட்டாம் வகுப்புக்கு ஏற்றுகிறோம், மறுபடி தோற்றால் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கைத்தொழில் பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்று கடிதம் வந்தது. அங்கே பிள்ளைகள் நாளெல்லாம் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திருகாணிகிட்ட நான் என்னத்தை வாதாடுறது நர்ஸம்மா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நூற்றுப்பத்து.

ஆகவே அவளுக்குத் தெரிந்த முகமாக ஒரு எழுத்தர் வேண்டும். தலைமையாசிரியர் விதிப்புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தார். எழுத்தர் பள்ளியிலேயே வேலை செய்பவராக இருக்கலாம். மாணவரைவிட ஒரு வகுப்பாவது குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். பாடத்தில் அறிவு இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தபோது நேரம் பதினொன்று. பெல்லக்கா ஜன்னலுக்கு வெளியே மணியடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் வகுப்பு!" என்று அலறினார். "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்யைத் தேடியிருக்கேன்!"

செவ்வாய் டீச்சர் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தாள். கேள்வியை எந்தச் சொல்லையும் அழுத்தாமல் வாசிக்க வேண்டும். பிள்ளை கேட்டால் மட்டும் திரும்ப வாசிக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். தலையாட்டக் கூடாது, புருவம் உயரக் கூடாது. பெல்லக்கா எல்லாவற்றையும் பழகிவிட்டாள், ஒன்றைத் தவிர. யாராவது தப்பாகச் சொன்னால் அவளுடைய நாக்கு தானாக 'ச்சு' கொட்டும். நிறுத்த முடியவில்லை. கடைசியில் என் அலமாரியிலிருந்து இருமல் மிட்டாய் ஒன்று கொடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாக்குக்கு வேலை கொடுத்துவிட்டால் அது சும்மா இருக்கும். மருத்துவத்தில் பாதி இதுதான்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. எங்கேயோ ஒரு பள்ளியில் பட்டதாரி மாமா ஒருவர் எழுத்தராகப் போய், மருமகனுக்கு முதல் மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். அதனால் இனி எழுத்தர்களுக்குப் பாட அறிவின்மைச் சான்றிதழ் கட்டாயம். ஆய்வாளர் நேரில் வந்து சோதிப்பார்.

தலைமையாசிரியர் பெல்லக்காவைக் கூப்பிட்டார். ஒப்புக்குத்தான். நானும் இருந்தேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுதானே?"

"எதைப் பத்தி சார்?"

"எதைப் பத்தியும். சும்மா ஒண்ணு கேக்கறேன். இலைக்குப் பச்சை நிறம் எதனால வருது?"

"பச்சையத்தால சார். எட்டாம் வகுப்பு, மூணாவது பாடம். போன வருஷம் அதை நீங்க நடத்தினப்போ வேர்லயும் பச்சையம் இருக்குன்னு சொல்லிட்டீங்க. மறுநாள் திருத்திச் சொன்னீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இன்னும் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் பதில் சொன்னாள், கடைசி இரண்டுக்குப் பக்க எண்ணோடு. தனக்கு இவ்வளவு தெரியும் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு யாரு சார் எழுதுவா?"

"அதே நாலரை மணி பஸ்தான்" என்றார் தலைமையாசிரியர்.

அன்று முதல் பள்ளிக்கூடம் ஒருத்திக்கு இருக்கிற அறிவைக் குறைக்க முனைந்தது. முதல் வேலையாக முக்காலியைச் சைக்கிள் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஏழாம் வகுப்புப் பாடம் கேட்டது. காதில் பஞ்சு வைக்க உத்தரவு; பஞ்சு என்னுடையது. பஞ்சோடு அடிக்கும்போது அவளுக்கு மணிச் சத்தம் போதவில்லை. அதனால் புதன்கிழமை மதிய மணியை ஆறு நிமிடம் தொடர்ந்து அடித்தாள். தீ என்று நினைத்து மூன்று வகுப்புகள் மைதானத்துக்கு ஓடிவிட்டன. பஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"தெரிஞ்சதை அழிக்க முடியாது சார்" என்றாள் செவ்வாய் டீச்சர். "தெரியாத மாதிரி நடிக்கலாம்."

"அது தப்பில்லையா?"

"தப்புதான். திருகாணி பிரிக்க அனுப்பறது?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

பயிற்சி மதிய இடைவேளையில் நோயறையில் நடந்தது. பயிற்சி கொடுத்தது வக்கீல். தப்பாகப் பதில் சொல்வதில் அந்தப் பள்ளியில் அவளுக்கு நிகரான அனுபவம் யாருக்கும் இல்லை என்று அவளே சொன்னாள்.

"அக்கா, சரியான பதில் மனசுல வந்ததும் அதைப் பிடிச்சு ஓரமா உக்கார வைங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கறதைச் சொல்லுங்க. ஒளி வேகமா, ஒலி வேகமா?"

"ஒளி."

"அக்கா!"

"ஒலி. ஒலிதான். ஐயோ, சொல்லவே வாய் கூசுதுடி."

"கூசட்டும். தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

"நூ… எழுபது."

"யோசிச்சுச் சொல்லாதீங்க. யோசிச்சா தெரிஞ்ச மாதிரி இருக்கும். தெரியாதவங்கதான் டக்குன்னு சொல்வாங்க. எங்க வகுப்புல பாத்திருக்கேன்."

வீட்டிலும் பயிற்சி. காலையில் சவரம் செய்துகொண்டே புருஷன் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாராம். அவள் சரியாகச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாளாம். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் எது கேட்டாலும் தப்பாத்தான் பதில் சொன்ன. இப்ப மட்டும் ஏன் மணிக்கூண்டு சரியாக் காட்டுது?" என்று கேட்டாராம். ஆனாலும் மனுஷன் விடவில்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு பேசியது அந்தச் சில வாரங்களில்தான் என்றாள்.

ஐந்தாவது வாரம் முடிவதற்குள் அவள் தேறிவிட்டாள். எதைக் கேட்டாலும் தப்பு. சுத்தமான, கலப்படமில்லாத தப்பு.

ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், முன்பு கணக்கு வாத்தியார். சட்டைப்பையில் நான்கு பென்சில், சீவுவதற்குத் தனியாக ஒரு ஷார்ப்னர். அமைதியான அறை வேண்டும் என்றார். எங்களிடம் இருந்த ஒரே அமைதியான அறை நோயறை. அங்கே திரைக்குப் பின்னால் கட்டிலில் வக்கீல் படுத்திருந்தாள். அன்றைக்கு வயிற்றுவலி உண்மை. நோயாளியை வெளியே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவர் வாசிப்பார், இவள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெல்லக்கா முழங்காலில் கைகளை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாமிரம் என்ன வகைப் பொருள் என்றால் வாயு என்றாள். நிலா எதைச் சுற்றுகிறது என்றால் செவ்வாயை என்றாள். முக்கோணத்துக்கு ஐந்து பக்கம் கொடுத்தாள். டக் டக்கென்று, மணியடிப்பது போல. ஒவ்வொரு பதிலுக்கும் தலைமையாசிரியர் சந்தோஷத்தில் பெருமூச்சு விட்டார். இருபதும் முடிந்தது.

ஆய்வாளர் கூட்டிப் பார்த்தார். பென்சிலைச் சீவினார். மறுபடி பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார்.

"பாத்தீங்களா சார்! நான்தான் சொன்னேனே, ஒண்ணுமே தெரியாது!" என்றார் தலைமையாசிரியர்.

"நாலு விடையில ஒண்ணு சரி. கண்ணை மூடிக்கிட்டுக் குருட்டாம்போக்குல சொன்னாலே இருபதுக்கு அஞ்சு சரியாகும். மூணு ஆகலாம், ஏழு ஆகலாம். பூஜ்யம் ஆகாது." அவர் பெல்லக்காவைப் பார்த்தார். "அம்மா, ஒண்ணுமே தெரியாதவங்களால இருபதையும் தப்பாச் சொல்ல முடியாது. இவ்வளவு தெரியாம இருக்கணும்னா நிறையத் தெரிஞ்சிருக்கணும்."

தலைமையாசிரியர் மெல்ல, "அவ கொஞ்சம் அதிகமாவே தெரியாதவ சார்" என்றார்.

ஆய்வாளர் நியாயமான மனிதர். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதே தாளை என்னிடம் நீட்டினார். இருபதுக்கு ஆறு சரியாகச் சொன்னேன்; இதில் மறைக்க ஒன்றுமில்லை. "இதுதான் அசல் அறியாமை" என்று தலைமையாசிரியரிடம் காட்டினார். ஆனால் நான் நர்ஸ் படிப்பு படித்தவள், அதனால் எழுத்தராக முடியாது. படித்தவளுக்குத் தெரியவில்லை, தெரிந்தவள் படிக்கவில்லை. விதிப்படி இரண்டு பேருமே ஆகாது. அலுவலகத்திலிருந்து ஆள் வருவார் என்று சொல்லிப் படிவத்தில் 'தகுதி' என்று எழுதி, 'இல்லை' எழுதப் பென்சிலை இறக்கினார்.

திரை விலகியது.

"சார், ஒரு நிமிஷம்."

"யாரு இது?"

"வக்கீல் சார்" என்றாள் பெல்லக்கா, வாய் தவறி.

ஆய்வாளர் எழுந்து நின்றார். "வக்கீலெல்லாம் வெச்சிருக்கீங்களா?" பிறகுதான் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்தார்.

"சார், இவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எதுக்கு விதி வெச்சாங்க?"

"தெரிஞ்சா உனக்குச் சொல்லிக் குடுத்துடுவாங்க."

"அப்ப பயம் தெரியறதுல இல்லை, சொல்றதுலதான். நீங்க தெரியுமா தெரியாதான்னு பாக்கறீங்க. சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு பாக்கணும். நான் தப்புத் தப்பாச் சொல்றேன். அக்கா அதை அப்படியே எழுதறாங்களான்னு பாருங்க. ஒரு எழுத்தைத் திருத்தினா, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினா, நான் திருகாணி பிரிக்கப் போறேன்."

ஆய்வாளர் பென்சிலைக் காதில் செருகினார். கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு ஒழுங்கான தர்க்கம் கிடைத்தால் இனிப்புக் கிடைத்த மாதிரி. "நானே சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கலாம்" என்றார். பெல்லக்கா இருமல் மிட்டாய்க்குக் கை நீட்டினாள், கொடுத்தேன். பேனாவைத் திறந்தாள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "எழுதுங்க. ஏழெட்டு…" நிறுத்தினார். "ஏழெட்டு அம்பத்தி…" முகம் சிவந்தது. நெற்றியில் வேர்த்தது. "அம்பத்தி ஆறு. சே! வரமாட்டேங்குது." முப்பத்தோரு வருடம் சரியானதையே சொன்ன வாய். தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் முறை முயன்று, முடியாமல், "நீயே சொல்லும்மா" என்று வக்கீலிடம் விட்டுவிட்டார்.

வக்கீலுக்கு அப்படிக் கஷ்டமெல்லாம் இல்லை. ஏழெட்டு ஐம்பத்திரண்டு என்றாள். பெல்லக்கா எழுதினாள். காற்றுக்கு எடை கிடையாது, கண்ணுக்குத் தெரியாததால். எழுதினாள். நமக்கு நுரையீரல் வலது காலில் இருக்கிறது. ஓடினால் மூச்சு வாங்குவது அதனால்தான். எழுதினாள், ஓடினால் என்பதற்கு முன்னால் அரைப்புள்ளியோடு. கன்னத்தில் மிட்டாய் இப்படியும் அப்படியும் உருண்டது. கண் தாளைவிட்டு நகரவில்லை.

"திமிங்கிலம் முட்டை போடும். மரத்துல ஏறித்தான் போடும். ஆள் பாத்தா வெட்கப்படும்."

"ச்சு!" என்று சத்தம் கேட்டது. நான் பெல்லக்காவின் வாயைப் பார்த்தேன். ஆனால் கொட்டியது ஆய்வாளர்.

பெல்லக்கா எழுதி முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, நிமிர்ந்தாள். "சார், எழுதுற இடத்துல சத்தம் போடக் கூடாது. விதி."

அவர் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். படிவத்தில் 'பாட அறிவு இல்லை' என்று அச்சிட்டிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: 'அறிவு உண்டு. வெளியே வராது.' கையெழுத்துப் போட்டார். ஆனால் அறிவியல் தேர்வுக்குத் தானே வந்து பின்னால் நிற்பதாகவும், சின்னச் சந்தேகம் வந்தாலும் தாளை ரத்து செய்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான்கு பென்சிலையும் எண்ணி எடுத்துக்கொண்டார்.

தேர்வு நாளில் மணியைத் தலைமையாசிரியர் அடித்தார். பெல்லக்கா இரண்டு இடத்தில் இருக்க முடியாதல்லவா. ஒன்பது நாற்பதுக்கு அடிக்க வேண்டியதை ஒன்பது முப்பத்தைந்துக்கு அடித்தார். அந்தக் கஷ்டத்தை விடுங்கள்.

நோயறையில் மேசைக்கு இந்தப் பக்கம் வக்கீல், அந்தப் பக்கம் பெல்லக்கா, அவள் முதுகுக்குப் பின்னால் ஆய்வாளர். நான் மருந்து அலமாரி ஓரம். பெல்லக்கா வாசித்தாள். ஒரே குரல், ஒரே வேகம், எந்தச் சொல்லும் எந்தச் சொல்லைவிட உசத்தியில்லை. வக்கீல் கண்ணை மூடிக் கேட்டாள். போன வருடம் மூன்று மணி நேரம் பூட்டிக் கிடந்த வாய் முதல் கேள்விக்கே திறந்தது. காந்தம், அமிலம், வேர், எலும்பு, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். சில இடத்தில், "அக்கா, இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை வாசித்தாள். இரண்டு இடத்தில், "எனக்கு இது தெரியாது, விட்டுடுங்க" என்றாள்; விட்டுவிட்டாள். அந்த இரண்டுக்கும் பதில் பெல்லக்காவுக்குத் தெரியும். அவள் கழுத்து நரம்பு எழும்பி இறங்கியதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

பதினேழாவது கேள்வி. மனித இதயத்தில் எத்தனை அறைகள் உள்ளன?

வக்கீல் கண்ணைத் திறந்தாள். பெல்லக்காவைப் பார்க்கவில்லை, அவளுடைய தோளுக்குமேல் நின்ற ஆய்வாளரைப் பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

நான்கு என்பது எனக்கே தெரியும். முந்தின நாள் இதே அறையில் களிமண்ணில் நான்கு அறையும் செய்து, எது எதற்குத் திறக்கிறது என்று எனக்கு வகுப்பெடுத்தவள் அவள். ஆய்வாளர் குனிந்தார். பேனா தாளுக்குமேல் நின்றது. பெல்லக்காவின் வாய்க்குள் மிட்டாய் 'கடக்' என்று உடைந்தது. திரும்ப வாசிக்கலாம், ஆனால் பிள்ளை கேட்கவில்லை. அவளுடைய காது நுனி சிவந்தது. வயிறு, வலி, பயம், குழப்பம் என்று அந்தப் பெண்ணுக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று அவள் நினைத்திருப்பாள். இந்த ஒரு தப்பு இன்னும் நாலு தப்பை இழுத்து வருமோ என்றும் நினைத்திருப்பாள்.

'மூன்று' என்று எழுதினாள். அடுத்த கேள்வியை, அதே குரலில் வாசித்தாள்.

ஆய்வாளர் நிமிர்ந்து, ஜன்னலோரம் போய், என் நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்ச நேரம் முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு முடிந்ததும் தாளை உறையில் போட்டு ஒட்டினார், பெல்லக்காவுக்கு ஒரு வணக்கம் வைத்தார், போனார்.

கதவு சாத்தியதும் பெல்லக்கா பேனாவை வீசினாள்.

"ஏண்டி! இதயத்துக்கு எத்தனை அறைடி?"

"நாலு."

"பின்ன எந்த அறையைடி வாடகைக்கு விட்ட?"

"அவரு உங்க முதுகுலயே ஒட்டிக்கிட்டு நின்னாரு அக்கா. எல்லாம் சரியாச் சொன்னா, நீங்கதான் எழுதிட்டீங்கன்னு நினைப்பாரு. ஒரு தப்பைப் பாத்தாத்தான் நம்புவாரு. ஒரு மார்க்கு கேள்வியாப் பாத்துப் போட்டேன்."

"நான் திருத்தியிருந்தா?"

"திருத்த மாட்டீங்க."

"அது எப்படிடி அவ்வளவு நிச்சயம்? என் கை என்ன பாடு பட்டுச்சு தெரியுமா? என் வாயே புண்ணாயிடுச்சு. ஒரு மார்க்குல நீ ஃபெயிலாகியிருந்தா?"

"அதுக்குள்ள எத்தனை சரின்னு எண்ணி வெச்சுட்டுத்தான் மூணுன்னு சொன்னேன். பாசுக்கு மேலயே தாண்டியாச்சு."

பெல்லக்கா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கியது வலது கை. தோள் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. வக்கீலே அதைப் பிடித்து இறக்கிவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மிட்டாய் கீறி நாக்கோரம் கொஞ்சம் ரத்தம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன்.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. கண்டக்டரம்மா பஸ்ஸைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, பயணிகளோடு காத்திருக்க, உள்ளே ஓடி வந்தார். ஐந்து பாடத்திலும் தேர்ச்சி. கணக்கு முப்பத்தெட்டு, மயிரிழையில். அறிவியல் அறுபத்தொன்று. கண்டக்டரம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். டிரைவர் ஹாரன் அடித்தார். தலைமையாசிரியர் இனி இதற்கெல்லாம் ஒரு அறை ஒதுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எந்த அறை என்று சொல்லாமல் போனார்.

பெல்லக்கா பட்டியலை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஏறியதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. விரல் அறிவியலில் நின்றது.

"அறுபத்தொண்ணு" என்றாள். "அறுபத்திரண்டு வந்திருக்கணும்."

"அக்கா, பாஸாயிட்டேன் அக்கா."

"அதை யாரு கேட்டா? அறுபத்திரண்டுடி அது."

இருவரும் வாதாடிக்கொண்டே வராந்தாவில் போனார்கள். பஸ் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.